முதல் செமஸ்டர் மாணவர் கையில் சிலபஸைக் கொடுப்பது எப்படி? முதலாண்டு ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரம், ஒரு மாணவன் விடைத்தாள் நகலோடு என்னிடம் வந்தான். பல்கலைக்கழகத் தேர்வில் நூற்றுக்கு 42. கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மார்க் நாற்பதுக்கு 33. அவனே கணக்குப் போட்டு வைத்திருந்தான். 42 என்பது அறுபதுக்கு 25 ஆகிறது, 33ஐக் கூட்டினால் 58. "ஐம்பதுக்கு மேல வருதே சார், எப்படி அரியர் ஆகும்?" என்று கேட்டான்.

விஷயம் இதுதான். மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் மட்டும் போதாது, செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். அவனுக்கு மூன்று மார்க் குறைந்தது. இன்டர்னல் நன்றாக இருக்கிறதே என்ற தைரியத்தில் கடைசி யூனிட்டைத் தொடாமல் விட்டிருந்தான். விதி தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டான். முதல் நாள் ஆடிட்டோரியத்தில் எல்லாரையும் உட்காரவைத்து இதைச் சொல்லத்தான் சொன்னோம். ஆனால் புது ஊர், புது ஹாஸ்டல், பக்கத்தில் முகம் தெரியாத பிள்ளைகள் என்று இருக்கிற ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு அன்றைக்கு எந்த சதவீதம் மனதில் நிற்கும்?

அதிலிருந்து என் வகுப்பில் முதல் மூன்று வாரங்களை வேறு மாதிரி நடத்துகிறேன். சொல்வதைக் குறைத்துக்கொண்டு, அவர்கள் கையாலேயே செய்ய வைக்கிறேன். சிலபஸ், கேள்வித்தாள், மார்க் கணக்கு, புத்தகம் எல்லாவற்றையும் மாணவர்களே புரட்ட வேண்டும். கணித ஆசிரியராகவும் கிளாஸ் அட்வைசராகவும் நான் பின்பற்றும் வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இங்கே வரும் எண்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பொறியியல் கல்லூரிகளுக்கான 2021 ரெகுலேஷனை, அதாவது பாடத்திட்ட, தேர்வு விதிகளைச் சேர்ந்தவை. 2025இல் புது ரெகுலேஷன் வந்திருக்கிறது, தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனி விதிகளும் உண்டு. உங்கள் மாணவருக்கு எது பொருந்துமோ அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். செய்யும் முறை மாறாது.

வகுப்புக்குப் போகும் முன்

நான்கு தாள்கள் வேண்டும். உங்கள் பாடத்தின் சிலபஸ், ரெகுலேஷனில் மதிப்பெண்ணும் வருகைப்பதிவும் பற்றிய பக்கங்கள், செமஸ்டர் காலண்டர், கடைசியாக நடந்த இரண்டு மூன்று தேர்வுகளின் கேள்வித்தாள்கள். ஆளுக்கு ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். போனில் வந்தது போனிலேயே கிடக்கும். காகிதம் கையில் இருந்தால்தான் அடிக்கோடு போடுவார்கள், ஓரத்தில் எழுதுவார்கள்.

ரெகுலேஷன் பக்கங்களை நீங்களும் ஒரு முறை புதிதாகப் படித்துவிடுங்கள். பழைய ரெகுலேஷனின் எண்களைப் பழக்கத்தில் சொல்லிவிடுவது நமக்கெல்லாம் நடக்கிறது. ஆசிரியர் சொன்ன தப்பான எண் நான்கு வருடத்துக்கு மாணவர்கள் வாயில் சுற்றும்.

முதல் படி: சிலபஸ் வாசிப்பைத் தமிழர் மரபிலிருந்து தொடங்குங்கள்

இது நான் தற்செயலாகக் கண்டுகொண்ட வழி. முதல் செமஸ்டரில் 'தமிழர் மரபு' என்று ஒரு கிரெடிட் பாடம் இருக்கிறது. அதன் சிலபஸ் தமிழிலும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, ஒரு பல்கலைக்கழக சிலபஸ் எப்படி அமைந்திருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல தாள் கிடையாது.

அதை எடுத்து மேசையில் வையுங்கள். அலகு ஒன்று மொழியும் இலக்கியமும். அப்புறம் பாறை ஓவியம் முதல் நவீன ஓவியம் வரை, சிற்பக்கலை. மூன்றாவது நாட்டுப்புறக் கலைகளும் வீர விளையாட்டுகளும். நான்காவது திணைக் கோட்பாடுகள். ஐந்தாவது தேசிய இயக்கத்துக்கும் இந்தியப் பண்பாட்டுக்கும் தமிழர் தந்த பங்கு. ஒவ்வொரு அலகுக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். அந்த எண் என்ன என்று கேளுங்கள். பக்க எண், மார்க், கேள்விகளின் எண்ணிக்கை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அது வகுப்பு நேரம். அலகுக்கு மூன்று பீரியட், மொத்தம் பதினைந்து.

அதோடு கணித சிலபஸைப் பக்கத்தில் வையுங்கள். அதே ஐந்து யூனிட்டுகள்தான். அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிகளின் சார்புகள், தொகை நுண்கணிதம், பன்முகத் தொகையீடு. இங்கே மொத்தம் அறுபது பீரியட். ஒரு தாளை வாசிக்கத் தெரிந்துவிட்டால் அடுத்த தாளைத் தானாக வாசிக்கிறார்கள். வகுப்பில் யாரோ ஒருத்தி, "சார், முதல் யூனிட்டும் ரெண்டாவது யூனிட்டும் பாதி பிளஸ் டூவுலயே வந்துருச்சே" என்பாள். அந்த ஒரு வரி போதும், வகுப்பின் பாதி பயம் போய்விடும். அதை நாம் சொல்வதைவிட அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வது நூறு மடங்கு நல்லது. அதனால் அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு எல்-டி-பி-சி கட்டம். கணிதத்துக்கு 3, 1, 0, 4. பைத்தான் பாடத்துக்கு 3, 0, 0, 3. ஆய்வகத்துக்கு 0, 0, 4, 2. வாரத்தில் எத்தனை லெக்சர், எத்தனை டுடோரியல், எத்தனை பிராக்டிகல், கடைசியில் கிரெடிட். லேப் நான்கு பீரியட் நடந்தாலும் கிரெடிட் ஏன் இரண்டு என்று கேட்பார்கள். லேப் பீரியடுக்கு அரை கிரெடிட் என்று சொல்லுங்கள். கிரெடிட் எதற்கு என்பதையும் அதே மூச்சில் காட்டிவிடுங்கள். கணிதத்தில் கிரேடு ஒரு படி ஏறினால் கிரேடு புள்ளிக் கூட்டலில் நான்கு ஏறும், ஒரு கிரெடிட் பாடத்தில் ஒன்றுதான் ஏறும். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை அவர்களே முடிவு செய்ய இது உதவும்.

இரண்டாம் படி: சொல் அட்டை

நான் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான். இதைத் தவிர்த்துவிட்டு மற்றதை எல்லாம் செய்தாலும் பலன் பாதிதான்.

ஒரு முறை முதல் யூனிட்டில் மேட்ரிக்ஸின் ரேங்க் கண்டுபிடிக்கச் சொன்னேன். பின் வரிசையில் ஒரு மாணவி எழுதாமல் இருந்தாள். அருகில் போய் மெதுவாகக் கேட்டேன். "ரேங்க்னா சார், எதோட ஒப்பிட்டு?" என்றாள். பள்ளியில் ரேங்க் கார்டு பார்த்தவள், முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று யோசித்திருக்கிறாள். "அணித்தரம்மா" என்றேன். அடுத்த நிமிடம் வரிசை உருமாற்றங்களைச் செய்து விடையை எழுதிவிட்டாள். கணக்கு அவளுக்குத் தெரியும். சொல்தான் தடுத்து நின்றது.

அன்றைக்கு மாலையே உட்கார்ந்து அட்டை தயாரித்தேன். டிடெர்மினன்ட் என்றால் அணிக்கோவை. இன்வெர்ஸ் என்றால் நேர்மாறு. அட்ஜாயின்ட் என்றால் சேர்ப்பு அணி. டெரிவேட்டிவ் வகைக்கெழு, லிமிட் எல்லை, கன்டினியூட்டி தொடர்ச்சி, மேக்ஸிமம் பெருமம், மினிமம் சிறுமம். ஒரு யூனிட்டுக்கு இருபது சொற்களுக்கு மேல் வேண்டாம். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம், நடுவில் ஒரு சின்ன எடுத்துக்காட்டு. தமிழ்ச் சொல்லை பிளஸ் டூ பாடநூலிலிருந்தே எடுங்கள், நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள். அவர்கள் இரண்டு வருடம் பார்த்துப் பழகிய சொல்தான் பாலமாக இருக்கும்.

ஐகன் வேல்யூ போன்று பள்ளியில் வராத சொல்லுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, உச்சரிப்பையும் சொல்லிக்கொடுங்கள். உச்சரிக்கத் தெரியாத சொல்லை வைத்து மாணவர் சந்தேகம் கேட்க மாட்டார். தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டார்.

ஆங்கில வழியில் படித்து வந்தவர்களுக்கு இந்த அட்டை தேவையில்லை என்று தோன்றும். அவர்களையே பக்கத்தில் இருப்பவருக்கு உச்சரிப்பு சொல்லித்தர வையுங்கள். யாரையும் 'தமிழ் மீடியம் பிள்ளைகள் எழுந்திருங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். முதல் வாரத்தில் ஒரு முறை எழுந்து நிற்க வைத்தால் அந்தக் கூச்சம் எட்டு செமஸ்டருக்கும் கூடவே வரும்.

மூன்றாம் படி: கேள்வித்தாளை இரண்டாவது வாரத்திலேயே திறந்துவிடுங்கள்

நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய கேள்வித்தாளை ஒளித்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கே போகிறோம் என்று தெரிந்தால்தான் நடக்கத் தோன்றும்.

பொதுவான தாள் இப்படி இருக்கும்: பார்ட் ஏ பத்து இரண்டு மார்க் கேள்விகள், பார்ட் பி ஐந்து 13 மார்க், பார்ட் சி ஒரு 15 மார்க். கணிதத்தில் பார்ட் சி கிடையாது. பத்து இரண்டு மார்க், ஐந்து 16 மார்க். இதைக் கரும்பலகையில் எழுதாமல், தாளைக் கொடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அது எந்த யூனிட் என்று குறிக்கச் சொல்லுங்கள். சிலபஸும் சொல் அட்டையும் கையில் இருக்கட்டும். ஒரு பீரியட் முழுக்கப் போகும், போகட்டும். முடிவில் யூனிட்டுக்கு இரண்டு சின்னக் கேள்வியும் ஒரு பெரிய கேள்வியும், அதாவது 20 மார்க் என்று அவர்களுக்கே தெரியவரும். 'ஒரு யூனிட்டை விட்டுவிடலாம்' என்று சீனியர் சொல்லும் யோசனையின் விலை எவ்வளவு என்பதும் அப்போது தெரியும்.

அடுத்தது கேள்வியின் வினைச்சொல். டிஃபைன் என்றால் ஒரு வரி. டிஸ்டிங்விஷ் என்றால் இரண்டு பத்தி போட்டு எதிரெதிரே எழுத வேண்டும். டிரைவ் என்றால் முடிவை எழுதினால் மார்க் இல்லை, அதற்கு வரும் வழி வேண்டும். எக்ஸ்பிளைன் வித் நீட் டயகிராம் என்று இருந்தால் படம் இல்லாத விடைக்கு மார்க் குறையும்.

கணிதத்தில் எனக்கு வருடா வருடம் வேதனை தரும் சொல் ஒன்று இருக்கிறது. 'ஹென்ஸ்.' கேலி ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, அதைக் கொண்டு நேர்மாறு காண்க என்று கேள்வி வரும். மாணவர் தேற்றத்தைச் சரியாகச் சரிபார்ப்பார். பிறகு பிளஸ் டூவில் படித்த சேர்ப்பு அணி முறையில் நேர்மாறைக் கண்டுபிடிப்பார். விடை சரியாக இருக்கும், மார்க் போயிருக்கும். ஏனென்றால் 'அதைக் கொண்டு' என்று கேட்டிருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வியைப் பலகையில் இரண்டு முறையிலும் போட்டுக் காட்டி, எந்த விடைக்கு எவ்வளவு மார்க் தருவீர்கள் என்று அவர்களையே திருத்த வையுங்கள். நான் பார்த்தவரை, கேள்வியை இரண்டாவது முறை வாசிக்கும் பழக்கம் அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தொடங்குகிறது.

நேரக் கணக்கும் இதோடு சேர்ந்தது. 180 நிமிடத்துக்கு 100 மார்க். ஒரு 16 மார்க் கேள்விக்கு ஏறக்குறைய 29 நிமிடம். பார்ட் ஏவை அரை மணிக்குள் முடித்தால் சரிபார்க்கக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

நான்காம் படி: மார்க் கணக்கை அவர்களே போடட்டும்

முதலில் சொன்ன அந்த மாணவனின் கணக்கை, பெயர் சொல்லாமல், வகுப்பில் கொடுக்கிறேன். இன்டர்னல் 33, தேர்வில் 42, பாஸா ஃபெயிலா? ரெகுலேஷன் பக்கம் கையில் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்பேன். பெரும்பாலும் முதல் பதில் 'பாஸ்' என்றுதான் வரும். யாராவது ஒருவர் அந்த 45 சதவீத வரியைக் கண்டுபிடித்துப் படிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

அடுத்து எதிர்ப்பக்கக் கணக்கு. இன்டர்னல் 15 மட்டும் இருக்கிறது, பாஸாக என்ன வேண்டும்? 45 எடுத்தால் போதும் என்பார்கள். போதாது. மொத்தம் 50 வர, அறுபதுக்கு 35 வேண்டும். அதாவது தேர்வில் 59.

பிறகு அசைன்மென்ட். 2021 ரெகுலேஷனில் இன்டர்னல் இரண்டு முறை நடக்கிறது. ஒவ்வொன்றும் நூறு மார்க், அதில் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார், மினி பிராஜெக்ட் போன்றவற்றுக்கு 40. இரண்டும் சேர்ந்த 200 கடைசியில் நாற்பதாகக் குறையும். அப்படியானால் ஒரு அசைன்மென்டின் முழு மதிப்பு நாற்பதில் எட்டு. அதை இழந்தவர் அந்த எட்டைச் செமஸ்டர் தேர்வில் சம்பாதிக்க, 13 மார்க் கேள்வி ஒன்றை முழுசாகக் கூடுதலாக எழுத வேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு 'சார், நாளைக்குத் தர்றேன்' என்பது என் வகுப்பில் நன்றாகக் குறைந்துவிட்டது.

அசைன்மென்ட் தரும்போது எதற்கு எவ்வளவு மார்க் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். 'நல்லா பண்ணுங்க' என்று சொன்னால் அழகான கையெழுத்தும் கலர் பேனாவும்தான் வரும். சென்ற வருடத்து அசைன்மென்ட் ஒன்றைப் பெயரை மறைத்து, நீங்கள் திருத்திய குறிப்புகளோடு சுற்றில் விடுங்கள்.

ஐந்தாம் படி: புத்தகங்கள்

சிலபஸின் கடைசியில் டெக்ஸ்ட் புக், ரெஃபரன்ஸ் என்று இரண்டு பட்டியல் இருக்கும். எல்லாவற்றையும் வாங்க வேண்டுமா என்று வீட்டில் அப்பா கவலைப்படுவார். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். டெக்ஸ்ட் புக் நூலகத்தில் இருக்கும். வகுப்பையே ஒரு பீரியட் நூலகத்துக்கு அழைத்துப் போய், அலமாரியைக் காட்டி, ஆளுக்கு ஒரு புத்தகம் எடுக்க வைத்துவிட்டு வாருங்கள். முதல் புத்தகத்தை எடுத்தவர்கள் இரண்டாவதைத் தானாக எடுப்பார்கள்.

பைத்தான் பாடத்துக்குப் பரிந்துரைத்திருக்கும் ஆலன் டவுனியின் நூலை அவரே இணையத்தில் இலவசமாகத் தருகிறார். இதை அறியாமல் மங்கலான ஜெராக்ஸ் பிரதியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வீடியோக்களைப் பார்க்கவும் பணம் வேண்டாம், சான்றிதழ்த் தேர்வு எழுதத்தான் கட்டணம். ஆனால் முழு கோர்ஸையும் பார் என்று சொல்லி அனுப்பாதீர்கள். இந்த யூனிட்டுக்கு இந்த வீடியோ, இத்தனையாவது நிமிடத்திலிருந்து என்று குறித்துக் கொடுங்கள்.

லோக்கல் ஆத்தர் புத்தகங்களைப் பற்றி ஆசிரியர்களுக்குள் சண்டையே உண்டு. என் கருத்து, தடை செய்யாதீர்கள். இரண்டு மார்க் விடைகளுக்கு அவை உதவுகின்றன, மொழியும் எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு தலைப்பையாவது டெக்ஸ்ட் புக், லோக்கல் ஆத்தர் புத்தகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வையுங்கள். லோக்கல் புத்தகத்தில் எதை விட்டிருக்கிறார்கள் என்று மாணவர்கள் கண்ணுக்கே தெரியும்.

ஆய்வகமும் வருகையும்

லேபில் மதிப்பெண் தலைகீழ்: இன்டர்னல் 60, தேர்வு 40. வாரா வாரம் செய்வதுதான் மார்க் என்று இதற்கு அர்த்தம். அப்சர்வேஷன் நோட்டில் அன்றைக்கே கையெழுத்து வாங்குவது, ரெக்கார்டை அடுத்த வாரமே முடிப்பது, வைவாவில் என்ன கேட்பார்கள் என்பது ஆகிய மூன்றையும் முதல் லேபில் ஒரு முடித்த ரெக்கார்டைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதம். 65க்கும் 75க்கும் நடுவே என்றால் மருத்துவச் சான்று போன்ற தக்க காரணம் வேண்டும். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். அறுபது பீரியடில் பதினைந்து போனால் விளிம்பு என்று எண்ணாகச் சொல்லுங்கள். ஊரில் திருவிழா, அக்கா கல்யாணம் என்று லீவு போடும்போது அந்தப் பதினைந்து நினைவுக்கு வர வேண்டும்.

கடைசிப் படி: புரிந்ததா என்று கேட்காதீர்கள்

'புரிஞ்சுதா?' என்றால் 'புரிஞ்சுது சார்' என்றுதான் வரும். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, மார்க் இல்லாத ஒரு சின்னத் தாள் கொடுங்கள். சிலபஸும் ரெகுலேஷனும் பார்த்து எழுதலாம். நான் வழக்கமாகக் கேட்பவை: மூன்றாம் யூனிட்டின் தலைப்பு என்ன? இன்டர்னல் 20 எடுத்தவருக்குப் பாஸாகத் தேர்வில் எத்தனை வேண்டும்? ஹென்ஸ் என்றால் என்ன? சந்தேகம் என்றால் யாரிடம், எந்த நேரத்தில் போகலாம்? கடைசிக் கேள்விக்குப் பலர் காலியாக விட்டிருப்பார்கள். என்னைப் பார்க்க வரலாம் என்று நான் சொன்னது அவர்கள் காதில் விழவே இல்லை என்று அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. இப்போது நேரத்தையும் அறை எண்ணையும் சொல் அட்டையின் பின்புறம் அச்சிட்டுவிடுகிறேன்.

முதல் இன்டர்னல் விடைத்தாளைத் திருப்பித் தரும் நாளில் புதுப் பாடம் எடுக்காதீர்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மார்க் தெரியாததால் போனது, எது கேள்வியைத் தப்பாக வாசித்ததால் போனது, எது நேரம் போதாமல் போனது என்று மூன்று நிறத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் நிறம் மாறும். அதைப் பார்த்தால் அடுத்த மாதம் யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று உங்களுக்கே பட்டியல் கிடைத்துவிடும்.

பெற்றோர் கூட்டத்திலும் மார்க் கணக்கைத் தமிழில் ஒரு பக்கமாக அடித்துக் கொடுங்கள். 'பிள்ளை எத்தனை எடுத்தா பாஸ்?' என்று கேட்கத் தயங்கி உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்றிலும் துணைக் கலந்தாய்விலும் இடம் கிடைத்துத் தாமதமாகச் சேர்பவர்கள் மேலே சொன்ன எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காக ஐந்து செட் தாள்களை என் மேசை இழுப்பறையில் தனியாக வைத்திருக்கிறேன். புதிதாக ஒருவர் வந்தால், முன்பே பயிற்சி முடித்த ஒரு மாணவரிடம் இரண்டு மதிய இடைவேளை கேட்டு வாங்கி, தமிழர் மரபு சிலபஸிலிருந்து வரிசையாகக் காட்டச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அந்தப் பத்து நிமிடத் தாளை அவரும் எழுதிவிடுவார்.